ஸ்பிட்டிக்குப் போற பேராண்டிக்கு

இன்னாடா பேராண்டி, வண்டிக்கு டயர் மாத்திட்டியாமே. ஸ்பிட்டிக்குப் போறியாமே. போ, நல்லா போ. இமாச்சலத்துல, பருவமழை மேகம் தாண்ட முடியாத மலைக்கு அந்தாண்ட கெடக்குற ஆத்துப் பள்ளத்தாக்கு அது. வருஷம் பூரா சேத்தாலும் 20 சென்டிமீட்டர் மழை தேறாது. 2024ல ஃபெஞ்சல் புயல் வந்தப்ப நம்ம புதுச்சேரியில ஒரே நாள்ல 48 சென்டிமீட்டருக்குக் கொறையாம ஊத்திச்சே, அத அங்க குடுத்திருந்தா ரெண்டு வருஷத்துக்கு மேல ஓட்டியிருப்பாங்க. வூடெல்லாம் கரைஞ்சி போயிருக்கும், அது வேற. மண்ணு செவுரு, மண்ணு மொட்டமாடி.

"அமைதியத் தேடிப் போறேன்"னு உங்கம்மாகிட்ட சொன்னியாம். சனி ஞாயிறு ஆனா ரொமேன் ரோலன் வீதியில மஞ்ச செவுத்துல சாஞ்சு படம் புடிக்கிற பெங்களூர் பசங்களப் பாத்து, "ஊரையே கெடுத்துட்டானுங்க தாத்தா"ன்னு பல்லக் கடிப்பியே. ஸ்பிட்டியில காசான்னு ஒரு ஊரு, அதோட கடைத்தெருவுல உன்னப் பாத்துக் கடிக்கிறதுக்கும் ஒருத்தன் பல்லோட நிப்பான். கண்டா ஒரு கும்பிடு போட்டுடு.

மணாலி வழியா போனா சீக்கிரம்னு எவனாவது சொல்லுவான். அந்த வழியில குன்சும் கணவாய் 4,500 மீட்டருக்கு மேல. கடலோரத்துல பொறந்து, மாடிக்குத் துணி காயப்போட ஏறினாலே மூச்சு வாங்குற ஒடம்பு உன்னுது. சிம்லா, கின்னோர், தாபோன்னு தங்கித் தங்கி ஏறு. 4,000 மீட்டர்ல மூச்சுக்குக் கெடைக்கிற ஆக்சிஜன், நம்ம கடற்கரையில கெடைக்கிறதுல 100க்கு சுமார் 60 பங்குதான். பார்லியில போட்ட சரக்கும் அங்க உண்டு. புதுச்சேரிக்காரன்னு சொல்லிப் பாரு, ஒனக்குப் பெரிய கிண்ணமா எடுத்தாருவாங்க. மொத ரெண்டு நாளைக்குத் தொடாத. அதுக்கப்புறம் நடக்குறது எனக்குத் தெரியாது.

கக்கூஸு சமாச்சாரம் சொல்லிடுறேன், கூச்சப்படாத. மேல ஒரு அறை, தரையில ஒரு ஓட்டை. தண்ணி ஊத்தக் கூடாது, மண்ணத் தள்ளி மூடணும். கீழ மக்கி, பனி வுட்டதும் வயலுக்குப் போவும். வருஷத்துக்கு ஒரே போகம், அதுக்கு இதான் எரு. நீ அங்க வுட்டுட்டு வரப்போறதுல உருப்படியான பொருளு அது ஒண்ணுதான். ஓட்டல் பளிங்குல போயி வீணாக்காத.

தண்ணியும் சும்மா வரல. பனி உருகுறத மைல் கணக்குல வாய்க்கா வெட்டி இழுத்தாருவாங்க. அது எத்தன வயலுக்குப் பாயுதோ அத்தன குடும்பத்தத்தான் ஊரு தாங்கும். அதனால பழைய வழக்கப்படி நெலம் மொத்தமும் மூத்தவனுக்கு. அவன் கல்யாணம் கட்டுனா பெத்தவங்க சின்ன வூட்டுக்குப் போயிடணும், தம்பிங்க மடத்துக்குப் போயிடணும். இப்பத் தளர்ந்து வருது. இதக் கேட்டதுலேர்ந்து எனக்கு ராத்தூக்கமே இல்ல. பாகூர்ல எங்கப்பன் வெச்ச ஒரு காணிய அஞ்சு பேரும் 20 குழி 20 குழியா பிச்சிக்கினோம். ஏரு திருப்ப எடமில்ல, வித்துட்டு டவுனுக்கு வந்தோம். மூத்தவன் நான்டா! உன் சின்னத் தாத்தனுங்க நாலு பேரையும் தாபோ மடத்துல சேத்திருக்கலாம். 996ல கட்டுன மடமாம், ஆயிரம் வருஷம் தாண்டி நிக்குது. இவனுங்க போயிருந்தா பங்கு கேட்டே செவுத்த இடிச்சிருப்பானுங்க.

ஹிக்கிம்னு ஒரு ஊரு, 4,400 மீட்டர் வாக்குல. 1983லேர்ந்து தபாலாபீசு இருக்கு. எல்லாரும் அங்க போயி தனக்குத்தானே கார்டு போட்டுக்குவாங்களாம். நீ எனக்குப் போடு. மலை நீலமா இருந்துச்சு, மனசு லேசாச்சுன்னு எழுதி எடத்த அடைக்காத, அதெல்லாம் டிவியில பாத்துக்கிறேன். அங்க பச்சப் பட்டாணிதான் காசுப் பயிரு. மூட்டைக்கு யாவாரி என்னா குடுத்தான், எடையில எவ்ளோ அடிச்சான்னு கேட்டு எழுது.