தெரியுமாண்ணன்

எல்லா ஊரிலும் இவர் உண்டு. சில ஊர்களில் சலூன் பெஞ்சில் இருப்பார், சில ஊர்களில் நூலக வாசலில். வத்தலக்குண்டில் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டீக்கடையில் இருக்கிறார். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. ஊர் வைத்த பெயர் ‘தெரியுமாண்ணன்’. எந்தப் பேச்சையும் “தெரியுமா?” என்றுதான் தொடங்குவார். தெரியாது என்றால் சொல்வார். தெரியும் என்றால் இன்னும் விவரமாகச் சொல்வார்.

ஐம்பதைத் தாண்டிய ஆள். சட்டைப் பையில் இரண்டு பேனா, நாலாக மடித்த ஒரு தாள். வடை மடித்துக் கொடுத்த காகிதத்தைக்கூடப் படிக்காமல் எறியமாட்டார். வடையை வாயில் வைத்துக்கொண்டு, எண்ணெய் ஊறிய எழுத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி வாசிப்பார். விஷயம் பாதியில் கிழிந்திருந்தால் மீதிப் பாதிக்காக இன்னொரு வடை வாங்குவார். மாஸ்டருக்கு இந்த வியாபார ரகசியம் தெரியும்.

நிலக்கோட்டை பஸ் இன்னும் எடுக்கவில்லையே என்று யாராவது சலித்துக்கொண்டால் போதும்.

“தெரியுமா? 1896-ல பிரிட்டிஷ்காரனுக்கும் சான்சிபார் சுல்தானுக்கும் சண்டை. ஆகஸ்ட் 27-ந் தேதி காலையில ஒம்பது மணிக்கு ஆரம்பிச்சாங்க. முக்கால் மணி நேரத்துக்குள்ள யுத்தம் முடிஞ்சு, சுல்தான் ஜெர்மன் தூதரகத்துக்கு ஓடியே போயிட்டாரு. நம்ம டிரைவர் இன்னும் டீயைக் குடிச்சு முடிக்கல.”

“சரிண்ணே, பஸ் எப்ப எடுப்பாங்க?”

“அதை டைம் கீப்பர்ட்டதான் கேக்கணும்.”

அவசரத்துக்கு உதவும் எதையும் அவர் தெரிந்து வைத்துக்கொள்வதில்லை. அது ஒரு விரதம். கொடைக்கானல் போகிற வழியில் டீ குடிக்க இறங்கிய குடும்பம், ஏரியில் போட்டிங் எத்தனை மணி வரைக்கும் என்று கேட்டால், அந்த ஏரியே இயற்கையாக உண்டானதில்லை, மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை 1863-ல் உண்டாக்கியது என்பார். குறிஞ்சிப்பூ பார்க்கலாமா என்று கேட்டால், “2018-ல பூத்துச்சு, இனி 2030. அதுவரைக்கும் இங்கயே ரூம் போடுறீங்களா?” என்பார். அவர்கள் மணியும் தெரியாமல் பூவும் தெரியாமல் வேனில் ஏறுவார்கள். ஆனால் லெவிஞ்ச் துரையை மறக்கமாட்டார்கள்.

கல்யாணப் பந்தியில் அவருக்குப் பக்கத்து இலை எப்போதும் கடைசியில்தான் நிரம்பும். பழம் வைக்கும்போது ஆரம்பிப்பார்: “தெரியுமா மாப்ள? தாவரவியல் கணக்குப்படி வாழைப்பழம் பெர்ரி வகை. ஸ்ட்ராபெர்ரி பெர்ரியே கிடையாது.” மாப்பிள்ளை முறைக்காரர் தலையாட்டிக்கொண்டே தோலை உரிப்பார். “இன்னொண்ணு, வாழைப்பழத்துல கதிரியக்கம் இருக்கு. பொட்டாசியம் நாப்பதுன்னு பேரு.” உரித்த பழம் இலையோரத்துக்குப் போய்விடும். “அட, உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது, ரொம்பக் கொஞ்சம்தான்” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பந்தி எழுந்துவிடும். அன்றைக்கு அவருக்கு இரண்டு பழம்.

கேதவீட்டிலும் ஓய்வில்லை. எண்பத்தாறு வயதில் ஒரு பெரியவர் இறந்துபோனார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனவர், ஆறுதல் சொன்னார்: “விவேகானந்தர் 39-ல போனாரு. பாரதியார் 38. நம்ம ஊரு ராஜம் ஐயர் 26. ஐயர் ஆயுசை இவரு மூணு தடவை வாழ்ந்துட்டாரும்மா, அதுக்கு மேலயும் எட்டு வருசம்.” மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த பெரியம்மா நிமிர்ந்து, “எந்த ஐயரு? நம்ம கண்டக்டரு மகனா?” என்று கேட்டு, அந்த முன்பின் அறியாத பிள்ளைக்கும் சேர்த்து ஒரு பாட்டம் அழுதார்.

சலூனில் சினிமாப் பேச்சு. “பான் இந்தியாப் படமாம்” என்று பையன்கள் பேசினால், “1931-ல வந்த காளிதாஸ், தமிழோட முதல் பேசும்படம். ஹீரோயின் தமிழ் பேசுனா, ஹீரோ தெலுங்கு பேசுவாரு. அப்பவே பாத்தாச்சுப்பா” என்பார். எம்.ஜி.ஆர். முதலில் நடித்த சதிலீலாவதியை எடுத்தவர் தமிழே தெரியாத எல்லிஸ் டங்கன் என்ற அமெரிக்கர் என்றும் சொல்வார். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருப்பவர் எங்கே எழுந்து ஓடுவது?

இத்தனையும் உண்மை. அங்கேதான் அவருக்குச் சோதனை.

டீக்கு அவர் காசு கொடுத்து யாரும் பார்த்ததில்லை. ஒரு தகவலுக்கு ஒரு டீ, எழுதாத ஒப்பந்தம். ஒருநாள் யாரோ போனைக் காட்டினார்கள்: திருநள்ளாறு கோயிலுக்கு நேர் மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் சில நொடி நின்றுவிடுகின்றன, நாசாவே திகைத்து நிற்கிறது. கடையே கன்னத்தில் போட்டுக்கொண்டது. தெரியுமாண்ணன் மட்டும், “புருடாய்யா அது. சுத்துற வேகத்துலதான் செயற்கைக்கோள் மேல நிக்கிது. வேகம் நின்னா கீழ விழுந்துரும்” என்றார். “சாமி விசயத்துல வெளயாடாதண்ணே” என்றார்கள். அன்று டீ வரவில்லை. சீனப் பெருஞ்சுவர் நிலாவிலிருந்து தெரியாது என்று சொன்ன நாளிலும் வரவில்லை.

உள்ளூர் விஷயமென்றால் இன்னும் மோசம். “கமலாம்பாள் சரித்திரம் எழுதின ராஜம் ஐயர் நம்ம ஊரு. 1893-ல விவேக சிந்தாமணியில தொடரா எழுத ஆரம்பிச்சப்ப அவருக்கு இருவத்தோரு வயசு. மணிக்கொடி பி. எஸ். ராமையா நம்ம ஊரு. சுப்பிரமணிய சிவா நம்ம ஊரு. சி. சு. செல்லப்பா இங்க வளந்தவரு, சூர்யாவை வச்சு வெற்றிமாறன் எடுக்கப்போறதா அறிவிச்ச வாடிவாசல் அவரோட கதைதான்” என்று மூச்சு வாங்கச் சொன்னார்.

“நம்ம ஊர்லயா? எந்தத் தெரு?”

தெரு அவருக்குத் தெரியாது. வழக்கு தள்ளுபடி.

“பொய்யக் கைமாத்தா வாங்கிக்கிறாங்க, உண்மைக்கு மட்டும் ஜாமீன் கேக்குறாங்க” என்று மாஸ்டரிடம் புலம்பினார். ஒரு வாரம் யோசித்து ஜாமீனுக்கு ஆளும் பிடித்துவிட்டார்.

“தெரியுமா? சூரியன்ல கரும்புள்ளி இருக்குல்ல, அதுலருந்து வாயு வெளிப்பக்கமாப் பாயுதுன்னு 1909-ல கண்டுபிடிச்சது நம்ம கொடைக்கானல் வானாய்வுக்கூடத்துல. எவர்ஷெட்னு ஒரு வெள்ளைக்காரர். இன்னைக்கும் உலகம் பூரா அதுக்கு எவர்ஷெட் விளைவுன்னுதான் பேரு.” கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். “அன்னைக்கு நாசாவே அசந்துபோச்சு.”

கடை வாயைப் பிளந்தது. “நம்ம கொடைக்கானல்லயா!” இரண்டு பேர் ஒரே நேரத்தில் அண்ணனுக்கு டீ சொன்னார்கள்.

ஓரத்தில் காலேஜ் பை மாட்டிய பையன் ஒருவன் போனிலிருந்து தலையைத் தூக்கினான். “அண்ணே, நாசாவை ஆரம்பிச்சதே 1958-லதானே? 1909-ல எப்புடிண்ணே அசந்துச்சு?”

தெரியுமாண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துபோனது.

“மாஸ்டர், தம்பிக்கு ஒரு டீ. ஏலக்காய் தட்டிப் போடு. என் கணக்குல எழுதிக்க.”

“உங்களுக்குக் கணக்கே கிடையாதேண்ணே.”

“இன்னைக்கு ஆரம்பிய்யா.”