வீட்டுக்காரருக்கு ஒரு பாராட்டு மடல்

வீட்டுக்காரரே, உங்கள் பெருந்தன்மையை எப்படிப் புகழ்வது! மனைவி பனியன் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்து உங்களைவிட ஆயிரம் ரூபாய் கூடுதலாகச் சம்பாதிக்கிறாள். அந்தப் பணத்தை எண்ணிப் பார்க்கும் சிரமத்தைக்கூட நீங்கள் அவளுக்கு வைக்கவில்லை. ஏடிஎம் அட்டை உங்கள் சட்டைப் பையில், ரகசிய எண் உங்களுக்கு மனப்பாடம். பிள்ளைக்கு நோட்டு வாங்க அவள் நூறு ரூபாய் கேட்டால் கணக்குக் கேட்டுச் சிக்கனம் கற்றுத் தருகிறீர்கள். ‘சம்பாதிக்கிற திமிரா?’ என்று அறைவதற்கு முன், அக்கம்பக்கத்தார் தூக்கம் கெடாமலிருக்க டிவி சத்தத்தைக் கூட்டுகிறீர்களே, அந்த நாகரிகம் யாருக்கு வரும்!

பெண் கையில் காசு வந்தால் அடி நின்றுவிடும் என்று படித்தவர்கள் நம்பினார்கள். அவர்களுக்குப் பாடம் சொன்னவர் நீங்கள். பெங்களூரில் மணமான பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2010-இல் வெளியானது. புதிதாக வேலைக்குப் போன பெண்கள் கணவனிடம் அடிபடும் வாய்ப்பு விகிதம், வீட்டிலேயே இருந்தவர்களைவிட 80 சதவீதம் கூடுதல். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், கணவனின் வன்முறையை அனுபவித்த பெண்கள் இந்திய அளவில் 29 சதவீதம், தமிழ்நாட்டில் 38. தேசிய சராசரியை நம் மாநிலம் இதிலும் தாண்டியது உங்கள் உழைப்பால்தான்.

எல்லாவற்றிலும் மேலானது உங்கள் பத்திர பக்தி. திருவனந்தபுரம் மாவட்டத்தில் பிரதீப் பாண்டாவும் பினா அகர்வாலும் நடத்திய ஆய்வு 2005-இல் வந்தது. நிலமும் வீடும் இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் அடிபட்டிருந்தார்கள். இரண்டும் தங்கள் பெயரில் வைத்திருந்தவர்களில் 7 சதவீதம். கோபம் கண்ணை மறைத்துவிட்டது என்பீர்கள். அந்தக் கோபத்துக்கும் வீடு யார் பெயரில் இருக்கிறது என்பது மட்டும் பளிச்சென்று தெரிகிறது. சம்பளத்தைப் பிடுங்கிய கை, ‘வெளியே போடி’ என்று சொல்ல முடியாத வீட்டில் அடங்கிவிடுகிறது. என்ன நிதானம், என்ன சட்ட ஞானம்! 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், மனைவிக்கு உரிய பணத்தை அவளுக்கு இல்லாமல் செய்வதும் வன்முறையே என்று சொல்வதை மட்டும் எப்படியோ படிக்காமல் விட்டுவிட்டீர்கள்.

பெண்ணைப் பெற்றவர்களே, சீர்வரிசைக்கென்று சேர்த்து வைத்த பணத்தில் இரண்டு சென்ட் நிலமாவது மகள் பெயரில் பதிவு செய்யுங்கள். மருமகன் உடனே மரியாதை கற்றுக்கொள்வார்.