கொஞ்சம் தள்ளிக்குங்க சார்

புதுச்சேரி போய்வந்த துணி இன்னும் வாளியில் ஊறிக்கொண்டிருக்கிறது. அதற்குள் நண்பன் வாட்ஸ்அப்பில் போட்டோக்களைக் கொட்டிவிட்டான். எல்லாவற்றிலும் ஒரு மஞ்சள் சுவர். சுவருக்கு முன்னால் ஒரு தொந்தி. தொந்திக்கு மேலே, ரேஷன் கடை வரிசையில் நிற்பவன் மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு நான். ‘சூப்பரா வந்திருக்கு மாப்ள’ என்று கீழே எழுதியிருக்கிறான். வந்திருப்பது சுவர்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கட்டுரை ஆனந்தரங்கப் பிள்ளையைப் பற்றியது. பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1736-ல் தொடங்கி 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர். எந்தக் கப்பல் வந்தது, யார் யாருக்கு என்ன வெகுமானம் கொடுத்தார்கள், கவர்னர் பெண்சாதி யாரைக் கவிழ்க்கப் பார்த்தாள், ஒன்றையும் விடவில்லை மனிதர். அவர் வீடு பெரிய மார்க்கெட் பக்கம் இன்னும் நிற்கிறது. கீழே நம்மூர் மரத்தூண், மாடியில் பிரெஞ்சுக்காரத் தூண். இரண்டு எஜமானர்களுக்கு நடுவில் வாழ்ந்த ஒருவர் வீட்டை அப்படிக் கட்டியதைப் பற்றி எனக்கு முக்கியமான கருத்து ஒன்று உண்டு. அதற்கு வருகிறேன்.

பாண்டிக்குப் போகிறேன் என்றதும் கண்ணடித்துவிட்டுப் பட்டியல் கொடுத்தவர்களைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. நண்பனைப் பார்க்கத்தான் போகிறேன் என்று சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நண்பன் கல்லூரியில் என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து வரலாறு படித்தவன். பிள்ளை வீட்டுக்குப் போகலாமா என்றேன். “அது எங்கடா ஓடிடப் போகுது? முதல்ல ஒயிட் டவுன். எட்டு மணி வெயில் சுவத்துல விழும் பாரு!” என்றான். வெயில் சுவரில் விழுவதைப் பார்க்க, இட்லியைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தோம்.

துய்மா வீதியில் முதல் சுவர். அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். “சார், கொஞ்சம் தள்ளிக்குங்க.” திரும்பினால் கல்யாணம் ஆகப்போகிற ஜோடி ஒன்று, கூடவே நான்கு கேமராக்காரர்கள், வெள்ளித்தாள் ஒட்டிய அட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன். தள்ளிக்கொண்டேன். தள்ளிப்போன இடத்தில் காகிதப்பூ படர்ந்த இன்னொரு சுவர். “அண்ணா, ஒரு நிமிஷம்.” அங்கே வாடகை ஸ்கூட்டரில் ஒரு பெண் ஓட்டுவதுபோல் உட்கார்ந்திருந்தாள். வண்டி ஸ்டாண்டில் நின்றது. கூந்தல் மட்டும் பறக்க வேண்டும் என்பதற்காக ஒருவன் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தான். மறுபடி தள்ளினேன். ரொமேன் ரோலான் வீதி. “அங்கிள், ஃப்ரேம்ல வர்றீங்க.” வீதிக்கு வீதி எனக்கு வயது ஏறியது. சுஃப்ரேன் வீதிக்குப் போனபோது “பெரியவரே” ஆகிவிட்டேன். மதியம்வரை இருந்திருந்தால் மாலை போட்டு மாட்டியிருப்பார்கள்.

ஒரு வீட்டு வாசற்படியில் ஒதுங்கினேன். கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்காரர் வந்தார். “போட்டோ எடுக்கக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்கோம்ல?” நான் எடுக்கவில்லை ஐயா, தள்ளி நிற்கிறேன் என்றேன். “அதை அங்க தள்ளி நில்லுங்க” என்றார். அடுத்த வீட்டு வாசலில் ஒருவர் கையில் பால் பாக்கெட்டோடு நின்றிருந்தார். இவரும் சுற்றுலா வந்தவரோ என்று பார்த்தால், அது அவருடைய சொந்த வீடு. உள்ளே போகக் காத்திருக்கிறார். “இன்னும் ரெண்டு டிரெஸ் இருக்காம் சார். முடிச்சிட்டுச் சொல்றேன்னிருக்காங்க.” பாலை நினைத்தால்தான் பாவமாக இருந்தது.

யோசித்தால், தள்ளிக்கொள்ளச் சொல்வது இந்த ஊருக்குப் பழக்கம்தான். கடற்கரையின் நடுவில் நின்ற டூப்ளே சிலையையே தெற்குக் கோடிக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது காந்தி நிற்கிறார். அவரையும் தள்ள முடியாதபடி சுற்றிலும் செஞ்சிக் கல்தூண்கள் காவல் இருப்பதால் பிழைத்தார். துறைமுகம் கட்டியபின் மணல் அரித்துப்போய், கரையோரம் பாறைகளைக் கொட்டிக் கடலையே தள்ளி நிற்கச் சொன்னார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குமேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை. நிம்மதியாக நடக்கலாம் என்று போனேன். வண்டி வரவில்லை, “தள்ளிக்குங்க” வந்தது.

சுவரைக் கும்பிடுவதும் புதிதல்ல. விஜயநகர ராஜா ஒருவர் இந்தப் பக்கம் வந்தபோது, விளக்கெரிந்த கட்டடம் ஒன்றைக் கோயில் என்று நினைத்து விழுந்து கும்பிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு. விஷயம் தெரிந்ததும் கோபத்தில் இடிக்கச் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் தானே இடித்துவிட்டு அங்கே குளம் வெட்டினாள் என்று கதை. ஆயி மண்டபத்துக்கு முன்னால் நின்று இந்தக் கதையை நண்பனுக்குச் சொன்னேன். “அப்படியே பேசிட்டு இரு, கேண்டிட்டா நல்லா வருது” என்றான்.

எனக்கு ஒன்று புரியவில்லை. 1761-ல் ஆங்கிலேயர்கள் இந்த ஊரைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் பிரெஞ்சுக்காரன் சுவர் என்று உருகுவதெல்லாம் அதற்கப்புறம் எழுந்தது. மஞ்சளோ, போன வருஷம் அடித்தது. ஒயிட் டவுனைப் பிரிக்கும் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், தமிழர் வீதிகளில், திண்ணையும் தாழ்வாரமுமாக இருந்த வீடுகள் ஒவ்வொன்றாக லாட்ஜ் ஆகிக்கொண்டிருக்கின்றன. ஜேசிபி வந்து நிற்கும் நாளில் அங்கே ஒரு கேமராவும் இருக்காது. யாரும் யாரையும் தள்ளிக்கொள்ளச் சொல்ல மாட்டார்கள், ஜேசிபி ஓட்டுகிறவரைத் தவிர. அதற்கும் மஞ்சள்தான் நிறம் என்பதால் யாராவது பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்டாலும் ஆச்சரியமில்லை.

பிள்ளை வீட்டைப் பார்த்தேனா என்று கேட்பீர்கள். பார்த்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, ஆட்டோவில் மார்க்கெட் நெரிசலில் போகும்போது நண்பன் கையை நீட்டி, “அதோ மாப்ள, உன் ஆளு வீடு” என்றான். அந்தக் கணத்தில் குறுக்கே ஒரு மீன்பாடி வண்டி வந்தது. மீன்பாடி வண்டியை நன்றாகப் பார்த்தேன்.

ஆகவே அந்த முக்கியமான கருத்தை இப்போது சொல்வதற்கில்லை. தூண்களைப் பார்த்துவிட்டுச் சொல்வதுதான் மரியாதை.

மே மாதம் நண்பன் குடும்பத்தோடு கரூர் வருகிறானாம். “உங்க ஊர்ல என்னண்ணா பார்க்க இருக்கு?” என்று அவன் மனைவி கேட்டாள். பசுபதீஸ்வரர் கோயில் இருக்கிறது, வாம்மா என்றேன். கோயிலுக்கெல்லாம் அப்புறம் போகலாம். எங்கள் தெருமுனையில் ஒரு கல்யாண மண்டபச் சுவர் இருக்கிறது. சிமென்ட் கலர். அதில் தோற்றுப்போன வேட்பாளர் ஒருவரின் சின்னம் பாதி அழிந்து கிடக்கிறது. மே மாதத்து மத்தியான வெயில் அதில் பிரமாதமாக விழும். குடும்பத்தையே அங்கே நிறுத்தப்போகிறேன். இரண்டு டிரெஸ்ஸாவது கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.