பங்குனிக் காப்பும் சகுரா பாட்டும்: ஒரு முன்னோடி ஆய்வு

ஜப்பானியப் பாப், ராக் பாடல்களுள் வசந்த காலத்தில் கேட்கத் தக்கவை எவை என்று உலகில் பலரும் பட்டியல் போட்டுவிட்டார்கள். அவர்களுள் ஒருவரும் புதுக்கோட்டை மாவட்டத்தைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. ஆலங்குடியிலோ அன்னவாசலிலோ இருக்கும் ஒருவர் இப்பாடல்களை எந்தத் தேதியில், எந்த மர நிழலில், எவ்வளவு சத்தத்தில் கேட்பது என்ற கேள்வி அநாதையாகவே கிடக்கிறது. அதைத் தத்தெடுப்பதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வெல்லை விராலிமலை முதல் கோட்டைப்பட்டினம் வரை. முதன்மைச் சான்றுகள் பாடல்கள். துணைமைச் சான்று டீக்கடை.

முதலில் வசந்தம் எப்போது வருகிறது என்பதை முடிவுகட்ட வேண்டும். நம் இலக்கணக்காரர்கள் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றார்கள். சொன்னவர் யாராயினும், மே 4 வாக்கில் கத்திரி பிறந்தபின் கந்தர்வகோட்டைச் சாலையில் பகல் ஒரு மணிக்கு நடந்து பார்க்காதவர் என்பது உறுதி. எனவே நம் முறையை ஒதுக்கி, ஜப்பானியர் முறையைக் கையாளலாம். அங்கே ஒரு கணக்கு உண்டு. பிப்ரவரி முதல் தேதியிலிருந்து அன்றன்றைய உச்ச வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே போனால், தொகை 600 பாகையைத் தொடும் தறுவாயில் செர்ரி பூக்கும் என்பார்கள். டோக்கியோவில் இது மார்ச் பிற்பகுதி வரை இழுக்கும். புதுக்கோட்டையில் பிப்ரவரி உச்ச வெப்பம் 32 பாகை என்று வைத்துக்கொண்டு 600-ஐ வகுத்தால் 18.75 வருகிறது. அதாவது பிப்ரவரி 19, மாசி 7. அன்று மாவட்டமெங்கும் செர்ரி பூத்துக் குலுங்கியிருக்க வேண்டும். குலுங்கவில்லை. மரம் இல்லாதது ஒரு காரணம். இருந்திருந்தாலும் பயனில்லை, பனிக்காலக் குளிரில் நன்றாகத் தூங்கி எழுந்தால்தான் செர்ரி மொட்டு அவிழும். இங்கே மார்கழியில்கூட அதற்குத் தூக்கம் பிடிக்காது.

இன்னொரு வேறுபாடும் பாட்டைப் பாதிக்கிறது. ஜப்பான் ஊர்களில் பெருவாரியாக நிற்கும் சோமெய் யோஷினோ வகைச் செர்ரி முழுவதும் ஒட்டுக்கட்டி வளர்த்தது. மரபணுப்படி அத்தனையும் ஒரே மரம். ஆகவே ஓர் ஊரில் எல்லாம் ஒரே வாரத்தில் பூத்து ஒரே வாரத்தில் உதிர்கின்றன. டோக்கியோவில் யாசுகுனி ஆலயத்து மாதிரி மரத்தில் ஐந்தாறு பூ விரிந்ததும் வானிலைத் துறை பூத்துவிட்டது என்று முறைப்படி அறிவிக்கிறது. மொத்த ஊரும் ஒரே வாரத்தில் ஒரே மனநிலையில் இருந்தால், ஒரே பாட்டு எல்லோருக்கும் போதும். நம் வேம்பு விதையில் முளைத்த சுயேச்சை. தெருவுக்கு இந்தப் பக்க மரம் பூத்து ஓயும்போது அந்தப் பக்கத்து மரம் இலையே உதிர்த்து முடித்திருக்காது. ஆதனக்கோட்டை முந்திரி எப்போது பூக்கும் என்பது வியாபாரிக்குத் தெரியும். அவர் அரசுக்கு அறிவிக்க மாட்டார்.

கல்வெட்டுச் சான்று இல்லாத ஆய்வு தமிழில் ஆய்வாகாது என்பதால் குடுமியான்மலைக்குப் போவோம். சிகாநாதசுவாமி கோயிலின் குடைவரையை ஒட்டிய பாறையில், 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இசைக் கல்வெட்டு இருக்கிறது. கிரந்த எழுத்தில், நான்கு நான்கு சுரங்களாக, ஏழு கிராம ராகங்களுக்கு வரி வரியாகச் சுரம். மாணவர் நலனுக்காக ஓர் அரசன் செய்வித்தது என்று கல்வெட்டே சொல்கிறது. பாடத்திட்டத்தைப் பாறையில் வெட்டினால் ஆண்டுதோறும் மாற்ற முடியாது என்ற கல்விக் கொள்கையின் தொடக்கம் இதுவாக இருக்கலாம். நமக்கு வேண்டியது வேறு. 13-ஆம் நூற்றாண்டில் சங்கீத ரத்னாகரம் எழுதிய சார்ங்கதேவர் வசந்தத்துக்கு உரியதாகச் சொல்வது இந்தோளம். குடுமியான்மலை ஏழில் மத்தியம கிராமம் இருக்கிறது, சட்ஜ கிராமம் இருக்கிறது, சாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிக மத்தியமம், கைசிகம் எல்லாம் இருக்கின்றன. இந்தோளம் இல்லை. புதுக்கோட்டைச் சீமையில் வசந்தத்துக்கு வேலை இல்லை என்பது அந்தக் காலத்திலேயே கல்லில் பதிவாகிவிட்டது என்று இவ்வாய்வு துணிந்து கூறுகிறது. மறுப்போர் பாறையோடு பேசிக்கொள்ளலாம்.

இனிப் பாடல்கள். கேண்டீஸ் என்ற மூவர் குழு 1976-இல் பாடிய 'ஹரு இச்சிபான்' அந்த ஆண்டின் முதல் வசந்தக் காற்றைப் பற்றியது. அங்கே அந்தத் தென்காற்றையும் வானிலைத் துறையே அறிவிக்கிறது. இது துள்ளல் பாட்டு, விதிவிலக்கு. யூமி மட்சுதோயாவின் 'ஹரு யோ, கோய்' 1994, ஸ்பிட்ஸ் குழுவின் 'செர்ரி' 1996. பிறகு செர்ரியின் ஜப்பானியப் பெயரையே தலைப்பாக வைப்பது ஒரு தொற்றாகப் பரவியது. நவோதரோ மொரியாமா 2003-இல் 'சகுரா', கொபுகுரோ இரட்டையர் 2005-இல் 'சகுரா', கெட்சுமெய்ஷி குழு அதே 2005-இல் 'சகுரா', இகிமொனோகாகாரி 2006-இல் 'சகுரா'. நம்மூரில் ஒரே தலைப்பில் இத்தனை வந்திருந்தால் வழக்கு நடக்கும்.

இவற்றைத் தொடர்ந்து கேட்டதில் ஓர் உண்மை பிடிபட்டது. பெரும்பாலானவற்றில் பூ பேருக்குத்தான். உள்ளே நடப்பது பிரிவு. ஜப்பானில் கல்வியாண்டு மார்ச்சில் முடிகிறது, ஏப்ரலில் தொடங்குகிறது. புதிதாக வேலைக்குச் சேர்வோரும் ஏப்ரல் முதல் தேதியில்தான் சேர்கிறார்கள். ஆக, பூ உதிரும் வாரத்தில் நாடே மூட்டை கட்டுகிறது. ரெமியோரோமென் குழு 2004-இல் வெளியிட்ட 'மார்ச் 9' என்ற பாட்டு நண்பர் ஒருவரின் கல்யாணத்துக்காகக் கட்டியது. அதையும் பள்ளிக்கூடங்கள் விடைபெறும் விழாப் பாட்டாக்கிவிட்டன. கல்யாணப் பாட்டைக்கூடப் பிரிவுப் பாட்டாக்கும் வல்லமை ஜப்பானிய மார்ச்சுக்கு உண்டு.

புதுக்கோட்டையின் மாசியும் பங்குனியும் நேர் எதிர். திருவப்பூர், நார்த்தாமலை, கொன்னையூர் என்று முத்துமாரியம்மன் கோயில்களில் வரிசையாகப் பூச்சொரிதல் நடக்கும் காலம் இது. ஜப்பானில் பூ தானாக மரத்திலிருந்து உதிர்கிறது. மனிதன் பாயை விரித்துக் கீழே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறான். இங்கே கீரமங்கலம் பக்கத்துத் தோட்டத்தில் பறித்து, கூடையில் சுமந்து, ராத்திரியெல்லாம் நடந்து வந்து, மனிதன்தான் அம்மனுக்குச் சொரிகிறான். உழைப்பின் அளவு ஒப்பிடத் தக்கதல்ல. அதன்பின் காப்புக் கட்டு. காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர் வெளியூரில் ராத் தங்கக் கூடாது. சென்னை, திருப்பூர், சிங்கப்பூர் எங்கிருந்தாலும் தேருக்கு வந்து சேர வேண்டும். ஒரு நாட்டில் எல்லோரும் கிளம்பும் மாதத்தில், இங்கே எல்லோரும் வந்து சேர்கிறார்கள். வந்தவர் நகரவும் தடை. இந்தச் சூழலில் பிரிவுப் பாட்டுக்கு இடம் ஏது?

கருதுகோளைச் சோதிக்க, திருவிழா ஒன்றில் ரேடியோ செட் போட்டிருந்தவரைப் பென் டிரைவுடன் அணுகினோம். சீர்காழி கோவிந்தராஜன் பாட்டு முடிந்து எல்.ஆர். ஈஸ்வரிக்கு மாறும் இடைவெளியில் அவர் காதோரம் வைத்துக் கேட்டார்.

"என்னங்க தம்பி, யாரோ ரயிலேறிப் போற மாதிரியில்ல இருக்கு?"

"ஆமாண்ணே, ஜப்பான் பாட்டு. வசந்தத்துக்கு ஏத்தது."

"காப்புக் கட்டியிருக்குங்க. யாரும் எங்கயும் போகக் கூடாது. எடுத்துக்குங்க."

மொழி தெரியாமல் முப்பது விநாடியில் பாட்டின் கருப்பொருளைக் கண்டுபிடித்த இவரது திறனாய்வு, மேற்கண்ட பத்திகள் அனைத்தையும்விடச் சுருக்கமானது.

ஒலியியல் நோக்கில் ஒரு சிறு குறிப்பும் வேண்டும். ஏப்ரல் டோக்கியோவில் காற்று 15 பாகை என்று கொண்டால் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் ஓடும். 37 பாகைப் புதுக்கோட்டையில் 353. எனவே நூறு மீட்டருக்கு அப்பால் நிற்பவரை அதே சோகம் இங்கே விநாடியில் நூறில் ஒரு பங்கு முன்னதாக வந்து அடைகிறது. தயாராக நேரம் இருக்காது.

எஞ்சியிருப்பது தேர் நிலைக்கு வந்த மறுநாள். காப்பு அவிழ்த்தாகிவிட்டது. புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் சென்னை வண்டிக்கும் திருப்பூர் வண்டிக்கும் அரிசி மூட்டை, முறுக்கு டப்பா, அழுகிற பாட்டி சகிதம் கூட்டம். ஜப்பானியர் ஒரு மாதம் முழுக்கச் செய்வதை நம்மவர் ஒரே ராத்திரியில் செய்து முடிக்கும் இடம் இது. மாவட்டத்தில் சகுரா பாட்டுக்கு உரிய நேரமும் களமும் இவையே. ஆனால் தொலைதூர வண்டிகள் பல பத்து மணிக்குப் பிறகே புறப்படுகின்றன; இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. ஆகவே காதில் ஒயர் மாட்டிக் கேட்பதே சட்டப்படி செல்லும். ஜன்னலோர இருக்கை, வண்டி திருச்சிச் சாலையில் திரும்பும்வரை மொரியாமா, கீரனூர் தாண்டியதும் கொபுகுரோ என்று பரிந்துரைக்கிறோம். ஓட்டுநர் இளையராஜாவைப் போட்டுவிட்டால் இப்பரிந்துரை செல்லாது. அது தனி ஆய்வுக்கு உரியது. அதற்கான நிதி கோரி விண்ணப்பித்திருக்கிறோம்.