குதிரைக்கு வயிற்றுவலி வரவழைக்க எட்டு எளிய வழிகள்

குதிரையைப் பட்டினி போட்டுக் கொல்வது கருமிகளின் வேலை. உபசரித்துக் கொல்வதுதான் நம் மரபு. 13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய மன்னர்கள் பாரசீக வளைகுடாவிலிருந்து ஆயிரக்கணக்கில் குதிரைகளை இறக்கினார்கள். ஒன்றின் விலை 220 பொன் தினார் என்கிறார் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். அவ்வளவு விலை கொடுத்த குதிரைக்கு வெறும் புல்லையா போடுவது? வறுத்த பார்லியும், நெய்யில் புரட்டிய தானியமும், காய்ச்சிய பசும்பாலும் கொடுத்தார்களாம். இறைச்சி சேர்த்த சோறே போட்டார்கள் என்பது மார்க்கோ போலோவின் குறிப்பு. வாங்கியவற்றில் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் செத்துப்போயின என்பதையும் அவரே எழுதிவைத்திருக்கிறார். அன்று அவர்களிடம் டானிக்கும் ப்ரோபயாடிக்கும் இல்லை. நம்மிடம் இருக்கின்றன, ஓராண்டெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை.

1. புல்லைக் குறையுங்கள்

விட்டால் குதிரை நாளில் பாதிக்கு மேல் மேய்ந்துகொண்டே இருக்கும். அதன் இரைப்பை, தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலம் சுரக்கும். அதைத் தணிக்கிற உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். ஆகவே காலையில் ஒரு கட்டு, ராத்திரி ஒரு கட்டு, நடுவில் வெறும் வயிறு. இரைப்பைப் புண் தானாக வந்து சேரும். பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இருக்கிற வியாதி என்பதால் கௌரவத்துக்கும் குறைவில்லை. 500 கிலோ குதிரைக்கு ஈரம் நீக்கிய கணக்கில் தினம் 7.5 முதல் 10 கிலோ வரை புல் வேண்டும் என்று யாராவது சொன்னால், அவர் புல் வியாபாரி என்று முடிவுகட்டுங்கள்.

2. தானியத்தைக் கொட்டுங்கள்

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்பார்கள். திறந்த வாயில் கொள்ளோடு மக்காச்சோளம், நொய்யரிசி எல்லாவற்றையும் சேர்த்துப் போடுங்கள். அவ்வளவு பெரிய உடம்புக்குள் இரைப்பை என்னவோ 8 முதல் 15 லிட்டர்தான். சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்கு வழிந்து, புளித்து அமிலமாகிவிடும். அங்கே நாரைப் புளிக்கவைத்துச் சத்தாக்கும் நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தில் மடியும், வாயு ஊதும், நஞ்சு ரத்தத்தில் கலந்து குளம்புக்குள் அழற்சியை உண்டாக்கும். ஒரே செலவில் வயிறும் போச்சு, காலும் போச்சு. ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் மாவுச்சத்துதான் எல்லை, அதாவது அந்த 500 கிலோ குதிரைக்கு அரைக் கிலோ என்பதெல்லாம் தராசு வைத்திருப்பவர்கள் கவலை.

3. தீவனத்தை ஒரே நாளில் மாற்றுங்கள்

நேற்று காய்ந்த புல், இன்று மழையில் துளிர்த்த இளம்புல், நாளை கல்யாணப் பந்தியில் மிஞ்சிய சாதம், லட்டு. பெருங்குடலின் நுண்ணுயிர்க் கூட்டம் புதுத் தீவனத்துக்குப் பழக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அவற்றைக் கேட்டுக்கொண்டா நாம் சமைக்கிறோம்?

4. மாட்டுத் தீவனமே போதும் என்று இருங்கள்

நான்கு கால், ஒரு வால், இரண்டும் ஒன்றுதானே? சில மாட்டுத் தீவனங்களிலும் கோழித் தீவனங்களிலும் கலக்கிற மொனென்சின் என்ற மருந்து மாட்டுக்கு நல்லது. குதிரைக்குக் கொஞ்சம் போனாலே இதயத் தசை கெட்டுச் சாகும். மூட்டை மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பது பொழுதுபோகாதவர்கள் செய்கிற வேலை.

5. தண்ணீரை அளந்து ஊற்றுங்கள்

குதிரை சும்மா நின்றாலே ஒரு நாளைக்கு 25 லிட்டருக்கு மேல் குடிக்கும். சித்திரை வெயிலில் ஓடினால் அது இரட்டிப்பாகும். தொட்டியைப் பாசி பிடிக்க விடுங்கள், உப்புக்கட்டியை எடுத்துவிடுங்கள். தாகம் குறையும், தின்ற காய்ந்த தட்டை குடலில் அடைத்துக்கொள்ளும், லத்தி நின்றுவிடும். லாயம் கூட்டும் வேலை மிச்சம்.

6. மணல் மேல் பரப்பிப் போடுங்கள்

தொட்டியிலோ வலைப்பையிலோ போட்டால் புல் மட்டும்தான் உள்ளே போகும். தரையில் போட்டால் மணலும் சேர்ந்து போய்ப் பெருங்குடலில் படியும். சந்தேகப் பிராணிகள் லத்தியைத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் கரைத்து, அடியில் மணல் தங்குகிறதா என்று பார்ப்பார்கள். மணலை வெளியேற்ற இசப்கோல் உமி கொடுக்கும் வழக்கமும் உண்டு. மணலில் போடுவதை நிறுத்தாமல் இசப்கோலை மட்டும் வாங்கிக்கொண்டே இருந்தால் மருந்துக்கடைக்காரர் நம்மை மறக்க மாட்டார்.

7. டப்பாக்களை அடுக்குங்கள்

இந்த வழிதான் படித்தவர்களுக்கு உகந்தது. ஈஸ்ட் கலந்த டப்பா நார் செரிக்க ஓரளவு கைகொடுக்கலாம். போடுகிற புல்லே இல்லையென்றால் அது எதைச் செரிக்க வைக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள். ஐந்து கம்பெனி தாது உப்பை ஒன்றாகக் கலந்தால் ஐந்திலும் இருக்கிற செலீனியம் சேர்ந்துவிடும். அது குறைந்தாலும் கெடுதல், கொஞ்சம் கூடினாலும் விஷம். பிடரி மயிர் கொட்டும், குளம்பு வெடிக்கும். சவாரிக்கு முன்னால் இரண்டு கை குதிரைமசால் போட்டால் அதிலுள்ள கால்சியம் இரைப்பை அமிலத்தைத் தணிக்கும் என்பது உண்மைதான். ஆனால் வயலில் விளைகிற ஒன்றை நண்பர்களிடம் எப்படிக் காட்டிப் பெருமைப்படுவது? மருத்துவரிடம் குதிரையின் பல்லைக் காட்டவும், லத்தியில் புழுமுட்டை எண்ணவும் ஆண்டுக்கு ஒருமுறை ஆகிற செலவை மிச்சம் பிடித்தால் இன்னும் இரண்டு டப்பா வாங்கலாம்.

8. வலி வந்தபின் வைத்தியம் பாருங்கள்

முன்காலால் தரையைப் பறிக்கும், திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்க்கும், வியர்க்கும், படுத்துப் புரளும். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே போனது மேலே திரும்பாது. நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்க வேண்டிய இதயம் 60-ஐத் தாண்டினால் பொறுக்க நேரமில்லை. உங்களுக்கு நேரமிருக்கிறது: பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன எண்ணெயை வாயில் ஊற்றுங்கள், பாதி நுரையீரலுக்குப் போகும். பழைய வலி ஊசியைப் போடுங்கள். குதிரை அமைதியாகும், குடல் முறுக்கிக்கொண்டது மட்டும் வெளியே தெரியாது.

இதையெல்லாம் விட்டுவிட்டு முதல் அறிகுறியிலேயே கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டீர்களானால் பின்விளைவுகளுக்கு நான் பொறுப்பல்ல. அவர் வருவார், மூக்கு வழியாகக் குழாய் விடுவார், குதிரை எழுந்து நின்றதும் டப்பாக்களையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் காசுக்கு நல்ல காய்ந்த புல் வாங்கிப் போடச் சொல்வார். கேட்டுவிட்டால் குதிரை இன்னும் இருபது வருஷம் இருக்கும். அத்தனை வருஷமும் தினம் மூன்று வேளை புல் சுமக்கப்போவது நீங்கள்தான்.