நெக்ஸ்ட்டு மாப்ளைக்கு நாலு வார்த்தை

மாப்ளே, ஒம்ம கம்ப்யூட்டருக்கு யாரோ செய்வினை வச்சிட்டாங்கன்னு பொலம்பிக்கிட்டுத் திரியுறீராமே. குரோமைத் திறந்தா கூகுள் வராம, பேர் ஊர் தெரியாத ஒரு தேடுபொறி வந்து பல்லைக் காட்டுதாம். மதுரை பஸ் டைம் கேட்டா, தொப்பை குறைய மருந்து விக்கிறானாம். அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா மூலையில ஒரு பெட்டி எட்டிப் பாத்து, "வைரஸ், வைரஸ்"னு கத்துதாம். செய்வினைதான் மாப்ளே, அதுல சந்தேகமே இல்ல. ஆனா வச்சது வெளியாளு இல்ல. ஒம்ம சோத்தாங்கை. அதுலயும் அந்த ஆள்காட்டி விரல்.

"நான் ஒண்ணுமே பண்ணலயே மாமா"ம்பீரு. கோவில்பட்டியில பிரவுசிங் சென்டர் வச்சிருந்த காலத்துல எங்கிட்ட வந்தவன் அத்தனை பேரும் இதையேதான் சொன்னான். சரி, கேக்கேன். பிடிஎஃப்பை வேர்டா மாத்தணும்னு ஓசியில ஒரு புரோகிராம் இறக்கினீரா இல்லையா? அது "ரெக்கமெண்டட்", "கஸ்டம்"னு ரெண்டு வழி காட்டியிருக்குமே. யாரோ நம்ம நல்லதுக்குத்தான ரெக்கமெண்ட் பண்றான்னு, நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஐ அக்ரி, ஃபினிஷ்னு தட்டிவிட்டிருப்பீரு. கஸ்டமைத் தொட்டிருந்தா உள்ள பொடி எழுத்துல மூணு கட்டம் இருந்திருக்கும். மூணுலயும் அவனே டிக் போட்டு வச்சிருப்பான். தேடுபொறியை மாத்திக்கிடுதேன், மொதப் பக்கத்தை மாத்திக்கிடுதேன், கூட ஒரு டூல்பாரையும் ஏத்திக்கிடுதேன்னு நீரே எழுதிக் குடுத்த கணக்கு. கல்யாணப் பத்திரிகையில ஒம்ம அப்பா பேரு சின்ன எழுத்துல இருக்குன்னு ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த மனுசன்தான நீரு? இந்தப் பொடி எழுத்து மட்டும் கண்ணுல படலயாக்கும்.

வெக்கப்படாதேயும். அமெரிக்காக்காரனே ஏமாந்திருக்கான். 2000-த்தை ஒட்டின வருசத்துல பான்ஸி படின்னு ஒரு ஊதாக் கொரங்கு அங்க வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர்ல குதிச்சது. பேசும், பாடும், சிரிப்பு சொல்லும். பெத்தவங்க சம்மதம் இல்லாமப் பிள்ளைகளைப் பத்தின தகவலை வாங்கிச்சுன்னு 2004-ல அதோட கம்பெனிக்கு 75,000 டாலர் அபராதம் விழுந்தது. 2003-ல கூல்வெப்சர்ச்னு ஒண்ணு வந்தது. ஹோம்பேஜைப் பிடிச்சா விடாது. ஒண்ணை எடுத்தா வேற பேர்ல வந்து உக்காரும். அதைத் துரத்துறதுக்குன்னே நெதர்லாந்து மாணவன் ஒருத்தன் கருவி எழுதுனான். அவனே எழுதுன இன்னொரு கருவி ஹைஜாக்திஸ்தான் அப்ப எங்களுக்கெல்லாம் பிரம்மாஸ்திரம். ஆனா அது எது நல்லது எது கெட்டதுன்னு சொல்லாது. பட்டியலை மட்டும் நீட்டும். எல்லாத்துலயும் டிக் வச்சு அழிச்சுப்புட்டு, நெட்டே வராம முழிச்ச சூரப்புலிகளையும் பாத்திருக்கேன்.

கள்ளப் பயலுகதான் இப்படின்னு நெனைக்காதேயும். ஜாவா ஏத்தப் போனவன் தலையில ஆஸ்க் டூல்பாரைக் கட்டிவிட்டது ஆரக்கிள். லெனோவோ 2014-ல வித்த சில லேப்டாப்புல, பெட்டியப் பிரிக்கும்போதே சூப்பர்ஃபிஷ்னு ஒண்ணு உள்ள உக்காந்திருந்தது. விளம்பரம் சொருகுறதுக்காக, பூட்டுப் படம் போட்ட பாதுகாப்பான தளத்துக்கும் நமக்கும் நடுவுல போலிச் சான்றிதழை நீட்டுச்சு. எல்லா லேப்டாப்புக்கும் ஒரே சாவி வேற. 2015 பிப்ரவரியில குட்டு வெளிப்பட்டுச்சு. இதெல்லாம் எதுக்குங்கீரா? நீரு தேடுற ஒவ்வொரு தேடலுக்கும், தட்டுற ஒவ்வொரு விளம்பரத்துக்கும் எவனுக்கோ காசு போகுது மாப்ளே. ஒம்ம விரலை வச்சு ஒரு கூட்டமே பொழைக்குது.

இப்ப வைத்தியத்துக்கு வருவோம். ரொம்பச் சுளுவான வழி ஒண்ணு இருக்கு. அந்தப் பெட்டியில ஒரு போன் நம்பர் போட்டிருப்பான், அதுக்கு அடியும். உலகத்துல இத்தனை கோடி கம்ப்யூட்டர் இருக்க, மைக்ரோசாஃப்ட்டுக்காரனுக்கு ஒம்ம வீட்டுக் கம்ப்யூட்டர் கவலைதான் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்குது. எனிடெஸ்க் ஏத்தும்பான், ஏத்தும். நம்பரைச் சொல்லும்பான், சொல்லும். ஓடிபி வரும், அதையும் வாசிச்சுக் காட்டும். முடிஞ்சதும் பாஸ்புக்கை எடுத்துக் கடைசியா ஒருக்காப் பாத்துக்கிடும். அதுக்கப்புறம்தான் 1930-ன்னு சைபர் குற்றத்துக்கு ஒரு நம்பர் இருக்கிறது ஞாபகம் வரும்.

அந்த வழி வேண்டாம்னா, கொஞ்சம் உக்காந்து வேலை பாக்கணும். ஹோம்பேஜை மட்டும் மாத்திட்டு நிமிந்தா மறுநாள் காலையில பழையபடிதான் நிக்கும். சீமைக்கருவேலம் மாதிரிதான், மேல வெட்டினா தழையும், தூரோட தோண்டணும்.

மொதல்ல அந்த மெஷின்ல பேங்க் வேலையை நிறுத்தும். போட்டோ, பத்திரமெல்லாம் ஒரு பென்டிரைவுல எடுத்து வையும். இறக்கி வச்ச செட்டப் ஃபைல் எதையும் எடுக்காதேயும். குரோம்ல ஜிமெயில் கணக்கு சிங்க் ஆகிக்கிட்டு இருந்தா அதை அணைச்சிடும். இல்லாட்டி இங்க அழிச்ச எக்ஸ்டென்ஷன் கணக்கு வழியா மறுபடி வந்து எறங்கும்.

அப்புறம் இன்ஸ்டால் ஆன புரோகிராம் பட்டியலைத் திறந்து, தேதி வாரியா அடுக்கும். கொரளி ஆரம்பிச்ச நாள்ல என்னென்ன ஏறிச்சுன்னு பாத்தாலே பாதிக் களவாணி சிக்கிருவான். பேரு மட்டும் ஒழுக்கமா இருக்கும்: ஆப்டிமைசர், ஹெல்ப்பர், அப்டேட்டர். ஒமக்கு நினைவில்லாத ஒத்தாசைக்காரன் எவனா இருந்தாலும், என்னான்னு ஒரு வார்த்தை தேடிப் பாத்துட்டு வெளிய அனுப்பும்.

பிரவுசருக்கு வாரும். எக்ஸ்டென்ஷன் ஒவ்வொண்ணையும் பாத்து வேண்டாததை எடும். தேடுபொறி, ஸ்டார்ட் அப் பக்கம் ரெண்டையும் சரி பண்ணும். மூலையில கத்துற அந்தப் பெட்டி இருக்கே, அது அநேகமா வைரஸே கிடையாது. ஏதோ ஒரு தளத்துல, "ரோபோ இல்லைன்னு நிரூபிக்க அலோவை அமுக்கவும்"னு கேட்டிருப்பான், நீரும் நிரூபிச்சிருப்பீரு. நெசமாவே ரோபோவா இருந்திருந்தா யோசிச்சிருக்கும். செட்டிங்ஸ்ல பிரைவசி, அதுக்குள்ள சைட் செட்டிங்ஸ், அதுக்குள்ள நோட்டிஃபிகேஷன்ஸ். அங்க தெரியாத பேர் எல்லாத்தையும் தூக்கிப் போடும். அந்த நிமிசமே வாய் மூடிக்கிடும்.

குரோமோட மூணு புள்ளி மெனுவுல, அடியில "மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்"னு எழுதியிருக்கான்னு பாரும். ஒம்ம வீட்டுல ஆர்கனைசேஷன் எம்மவதான், ஒத்துக்கிடுதேன். ஆனா அவ குரோமுக்குள்ள பாலிசி எழுத மாட்டா. சில ஆன்டிவைரஸும் அப்படி எழுதும். அதுவும் இல்லைன்னா களவாணி வச்ச முத்திரைன்னு வச்சுக்கிடும்.

இனிமேதான் தூரு. குரோம் ஐகான்ல ரைட் கிளிக் பண்ணி, பிராப்பர்ட்டீஸ்ல டார்கெட்ங்கிற கட்டத்தைப் பாரும். அது குரோம் டாட் இஎக்ஸ்இ-ன்னு ஒரு மேற்கோள் குறியோட முடியணும். அதுக்குப் பின்னால ஒரு இடைவெளி விட்டு ஏதாவது வெப்சைட் முகவரி தொத்திக்கிட்டு இருந்தா, அதுதான் ஒம்மைத் தினமும் காலையில கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போறது. அந்த வாலை மட்டும் அழிச்சு ஓகே குடும். டாஸ்க் மேனேஜர்ல ஸ்டார்ட் அப் பட்டியல், டாஸ்க் ஷெட்யூலர், நெட்வொர்க்ல புராக்ஸி, டிஎன்எஸ். எடுத்ததைத் திரும்ப நட்டு வைக்கிற ஆளும், வழியை மாத்தி விடுற ஆளும் அநேகமா இந்த நாலுல ஒண்ணுலதான் பதுங்கியிருப்பான்.

கடைசியா ஸ்கேன். விண்டோஸோட வர்ற டிஃபெண்டரைக் கேவலமா நெனைக்காதேயும். 2004-ல மைக்ரோசாஃப்ட் விலைக்கு வாங்குன ஜயன்ட் கம்பெனியோட ஆன்டிஸ்பைவேர்தான் அதுக்கு மூலம். பொறந்ததே இந்த வேலைக்குத்தான். ஃபுல் ஸ்கேன் ஓட்டிட்டு, ஆஃப்லைன் ஸ்கேனும் ஓட்டும். அது விண்டோஸ் கண்ணு முழிக்கிறதுக்கு முந்தியே தேடும். கால் மணி நேரம் ஆகும், அதுக்குள்ள பொறுமையில்லாம சுவிட்சை அணைச்சிராதேயும். ரெண்டாவது அபிப்பிராயத்துக்கு மால்வேர்பைட்ஸ், ஆட்வ்கிளீனர் இருக்கு. ரெண்டையும் அந்தக் கம்பெனியோட சொந்தத் தளத்துலருந்து எடும். தேடும்போது மேல "விளம்பரம்"னு போட்டு வர்றதைத் தட்டினீருன்னா, மருந்து வாங்கப் போயி நோயை வாங்கிட்டு வருவீரு. பிறகு பிரவுசரை ஒருக்கா ரீசெட் பண்ணும். இத்தனைக்கும் அடங்கலைன்னா, தயங்காம விண்டோஸையே ரீசெட் பண்ணிரும். பென்டிரைவுல எடுத்து வச்சது அதுக்குத்தான்.

திரும்ப வராம இருக்க மந்திரம் கேட்பீரு. டிஃபெண்டர்ல "பொட்டென்ஷியலி அன்வான்டட் ஆப்" தடுப்பை ஆன் பண்ணும். பேரனுக்கு அட்மின் இல்லாத தனிக் கணக்கு போட்டுக் குடும். முடிஞ்சா ஒமக்கும் அதுமாதிரி ஒண்ணு போட்டுக்கிடும். அவனை விட நீருதான் ஆபத்தான ஆளு. எதை ஏத்தினாலும் கஸ்டம் அமுக்கி, டிக்கை எடுத்துட்டு, அப்புறமா நெக்ஸ்ட்.

எல்லாம் துடைச்சு முடிச்சதும், ஜிமெயில், பேங்க் எல்லாத்துக்கும் பாஸ்வேர்டை மாத்தும். துடைக்கிறதுக்கு முந்தி மாத்தினா புதுசையும் அவன்கிட்டயே ஒப்படைச்ச மாதிரி. மாத்தினதை மறந்திருவோம்னு சீட்டுல எழுதி மானிட்டர்ல மட்டும் ஒட்டி வைக்காதேயும்.