கடல் தாண்டப் போற பேராண்டிக்கு

டேய் பேராண்டி, புக்கெட்லேர்ந்து திரிகோணமலைக்குப் பாய்மரப் படகுல வரப் போறியாமே! தென்பெண்ணையில வெள்ளம்னா கபிலர் குன்று பக்கமே எட்டிப் பாக்காத பய நீ. சரி, வா. ஆயிரம் கடல் மைலுக்குக் கொஞ்சம் மேல. மணிக்கு அஞ்சு மைல் ஓடினா ஒம்போது பத்து நாள்.

தை பொறந்து கெளம்பு, வாடைக்காத்து பின்னாலேர்ந்து தள்ளிவிடும். ஐப்பசி கார்த்திகையில கெளம்பினியோ, புயல் தள்ளும். 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் வந்து, சாத்தனூர் அணையைத் தொறந்துவிட்டு ஆறு கரை மீறிச்சே, அப்ப நம்ம புதுச்சேரிப் பொண்ணு ரூபா எங்க இருந்துச்சு தெரியுமா? கோழிக்கோட்டு தில்னாவோட, கடற்படை ‘தாரிணி’ படகுல, ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் நடுவுல. கடல்ல இருந்ததுங்க போய்க்கிட்டே இருந்துச்சுங்க. வீட்ல இருந்த நான்தான் கட்டில் மேல ஏறி நின்னேன். 2025 மே மாசம் உலகத்தையே சுத்திட்டு கோவா திரும்பிட்டாங்க. அதுக்கு வருசக் கணக்காப் பழகினாங்க. நீ வீடியோ பாத்திருக்கே. கெட்டிக்காரன்!

மிசினெல்லாம் வாங்கியாச்சு, தண்ணி? ஆளுக்கு நாளைக்கு நாலு லிட்டர். ரெண்டு பேருக்குப் பத்து நாளைக்கு எண்பது, காத்து நின்னு போனா குடிக்க இன்னொரு எண்பது. ஒரே தொட்டியில ரொப்பாதே, கெட்டா மொத்தமும் கெடும். கேன் கேனா வெய்யி. அட்டைப்பொட்டி ஒண்ணுகூட ஏத்தாதே. இடுக்குல கரப்பான் முட்டை இருக்கும், டிக்கெட் இல்லாம குடும்பத்தோட வரும். கழுவாத கோழிமுட்டையா வாங்கி எண்ணெய் தடவித் தெனம் திருப்பி வெய்யி. வாழைத்தார் தொங்கவிட்டா போட்டோவுக்கு அழகுதான். அத்தனையும் ஒரே நாள்ல பழுக்கும், அன்னிக்கு மூணு வேளையும் பழம்தான் ராசா.

பொழுது சாயறதுக்குள்ள பாயைச் சுருக்கிடு. ராத்திரி ஒரு கருமேகம் காத்தையும் சேத்துக்கிட்டுத்தான் வரும். இடுப்புக் கயிறு மாட்டாம மேல வராதே. ஒண்ணுக்குப் போவத்தானேன்னு எழுந்திரிப்பே, கூட வர்றவன் தூங்குவான், அப்பறம் யாரைக் கூப்புடுவே? நிக்கோபார் பக்கம் மலாக்கா போற பெரிய கப்பலுங்க வரும். அவன் உன்னைப் பாப்பான்னு நம்பாதே, மாத்தி மாத்தி முழிச்சிருங்க.

அந்த சாட்டிலைட் போன் எனக்கு ஒண்ணு கொண்டாறேன்னியே, வேணாம் சாமி. இங்க அனுமதியில்லாம அதை வெச்சிருந்தா புடிச்சுக்குவாங்க. அலைக்குத் தப்பின பேரன், ஏர்போர்ட்ல தாத்தாவுக்காக மாட்டிக்கிட்டான்னு டீக்கடையில சிரிப்பானுங்க. ரெண்டு கிலோ கருவாடு கொண்டா, போதும்.